செயலியை மூடிய பிறகு

(டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே நகரில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊர் பொருத்தமான ஊர். டென்மார்க்கின் மிகப் பெரிய மகப்பேற்றுப் பிரிவுகளில் ஒன்று ஹ்விடோவ்ரே மருத்துவமனையில்தான் இருக்கிறது. கோப்பன்ஹேகனைச் சுற்றி வாழும் எங்கள் பிள்ளைகள் பலர் முதல் முறை அழுதது இங்கேதான். அவர்கள் இரண்டு வயதில் அழும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? கையில் தொலைபேசியைக் கொடுக்கிறோம். கொடுத்த பிறகு மனம் உறுத்துகிறது. உறுத்தலைத் தணிக்க ஒரு "கல்விச் செயலி"யை இறக்கி வைக்கிறோம். விளையாட்டு என்றால் குற்றம், கல்வி என்றால் குற்றமில்லை என்று எங்களுக்கு நாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம்.

என்னைக் கண்டதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் செயலி நல்லது? பெயரைச் சொல்லுங்கோ" என்பதுதான். இன்று ஒரு பெயரைக்கூட நான் பரிந்துரைக்கப் போவதில்லை. இன்று நன்றாக இருக்கும் செயலி அடுத்த புதுப்பிப்பில் விளம்பரத்தோடு வரலாம். அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தின் கைக்குப் போகலாம். பெயர்ப் பட்டியல் பழசாகிவிடும். அளந்து பார்க்கும் பழக்கம் பழசாகாது. அந்த அளவுகோலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: செயலி திறந்திருக்கும்போது பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்காதீர்கள், மூடிய பிறகு பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்று பாருங்கள்.

கடை சொல்லும் தரம்

முதலில், செயலிக் கடை எங்களுக்குத் தரும் அடையாளங்களைப் பார்ப்போம். ஆப்பிள் கடையில் 4+ என்று போட்டிருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்காகச் செய்யப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வயதில் பார்க்கக் கூடாத வன்முறையோ ஆபாசமோ அதில் இல்லை என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. கணிப்பான் செயலிக்கும் 4+ கிடைக்கும். ஐரோப்பாவில் கூகுள் கடை காட்டும் பெகி 3 என்ற முத்திரையும் அப்படித்தான். சதுரங்கத்துக்கு பெகி 3 கிடைக்கலாம்; மூன்று வயதுப் பிள்ளை சதுரங்கம் ஆடும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அடுத்தது "கல்வி" என்ற பிரிவு. ஒரு செயலியை அந்தப் பிரிவில் வைப்பவர் அதைச் செய்தவரேதான். எந்தக் கல்வித் திணைக்களமும் பார்த்து ஒப்பமிடுவதில்லை. 2015 ஜனவரியில் ஆப்பிள் கடையில் மட்டும் "கல்வி" என்ற பெயரில் ஏறத்தாழ 80,000 செயலிகள் இருந்தன. அத்தனையையும் யார் சோதித்திருக்க முடியும்?

மூன்றாவது, நட்சத்திரங்கள். அவற்றைப் போடுவது பிள்ளையல்ல, பெற்றோர். அதுவும் எப்போது? பிள்ளை ஒரு கட்டத்தைத் தாண்டி, திரையில் வாணவேடிக்கை வெடித்து, வீடே மகிழ்ச்சியாக இருக்கும் அந்த நொடியில்தான் பல செயலிகள் "எங்களை மதிப்பிடுங்கள்" என்று கேட்கின்றன. ஐந்து நட்சத்திரம் விழாமல் என்ன செய்யும்?

நான்காவது, "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகம். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி, பள்ளியிலும் வேலையிலும் திறன் கூடும் என்று விளம்பரம் செய்தது. அந்தக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்து, 2016 ஜனவரியில் 20 இலட்சம் டொலர் செலுத்த வைத்தது. அதற்கு முன்பே, 2009-இல், குழந்தைகளுக்கான கல்விப் பொருளாக விற்கப்பட்ட "பேபி ஐன்ஸ்டைன்" ஒளிவட்டுகளை வாங்கிய பெற்றோருக்கு டிஸ்னி நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. இந்தியாவில் 2020-இல், பிள்ளைகளுக்குக் கணினி நிரல் கற்பித்த வைட்ஹாட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில், நிரல் எழுதிக் கோடிச் சம்பளத்தில் வேலை பெற்றதாக ஒரு சிறுவன் உலா வந்தான். அவன் கற்பனைப் பாத்திரம் என்பது பிறகு வெளியானது. அந்த நிறுவனத்தை 30 கோடி டொலருக்கு வாங்கிய பைஜூஸ் என்ற கல்வி நிறுவனம், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் கல்வியை மாற்றுவதாகச் சொன்னவர்களின் கதை இது.

ஊரில் மாடு வாங்கப் போனால் தரகர் சொல்வதைக் கேட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவோமா? பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தானே விலை பேசுவோம்? செயலிக்கும் பல் இருக்கிறது. எங்கே பிடிப்பது என்று தெரிந்தால் போதும்.

எதைப் பிடித்துப் பார்ப்பது?

2015-இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காத்தி ஹிர்ஷ்-பாசெக், டெலவேர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டா கோலின்காஃப் முதலியோர் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அறிவை எடுத்து, அதைச் செயலிக்குப் பொருத்தி நான்கு தூண்களாகச் சொன்னார்கள்.

முதல் தூண், மூளை வேலை செய்ய வேண்டும். விரல் அசைவதை மூளை அசைவதாக எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது, கவனம் பாடத்திலேயே நிற்க வேண்டும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது மூலையில் ஒரு முயல் குதித்தால், அதைத் தொட்டால் பாட்டுப் பாடினால், கதை போய்விட்டது. மூன்றாவது, கற்பது பிள்ளையின் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும். நான்காவது, இன்னொரு மனிதரோடு பேச, பகிர இடம் இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒரு தெளிவான கற்றல் நோக்கத்தின் கீழ் வர வேண்டும். கிரேக்க நாட்டில் கிரீட் பல்கலைக்கழகத்தின் ஸ்தாமதியோஸ் பபடாகிஸ் குழுவினரும் பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்காக ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தார்கள். அது உள்ளடக்கம், வடிவமைப்பு, இயங்கும் விதம், தொழில்நுட்பம் என்று நான்கு பக்கமாகச் செயலியைப் பார்க்கிறது.

அந்த நான்கு தூண் அளவுகோலை வைத்து 124 செயலிகளை ஆய்வாளர்கள் புள்ளியிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 58 விழுக்காடு செயலிகள் தாழ்ந்த தரத்தில் விழுந்தன. கவனம் சிதறாமை என்ற தூணில் இலவசச் செயலிகள் இன்னும் கீழே போயின. காரணம் சொல்லத் தேவையில்லை; விளம்பரம்தான்.

அப்படியானால் எல்லாச் செயலியும் வீணா? இல்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிக் கற்றலைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியான் ஆகியோர் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 619 மாணவர்கள். குலுக்கலில் வந்தவர்களுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே இயங்கிய ஒரு மையத்தில் இடம். மற்றவர்களுக்கு வழக்கமான பள்ளி மட்டும். நாலரை மாதம் கழித்துப் பார்த்தபோது, இடம் கிடைத்தவர்கள் கணிதத்தில் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் முன்னேறியிருந்தார்கள். ஏன்? அந்த மாணவர்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தது. பள்ளி ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தது. மைண்ட்ஸ்பார்க்கோ பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கியது. அதோடு, அந்த மையத்தில் பாதி நேரம்தான் கணினி. மீதி நேரம் சிறு குழுவாக ஆசிரியரோடு.

இன்னொரு பக்கமும் உண்டு. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் பிறந்த கிராஃபோகேம், வாசிப்புக்கான செயலிகளில் மிகுந்த அறிவியல் அடித்தளம் உடையது. அதன் ஆங்கில வடிவம் ஒன்றை இங்கிலாந்தில் சுமார் 400 பிள்ளைகளிடம் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான வகுப்பில் இருந்த பிள்ளைகளைவிடக் கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை. நல்லவர்கள், நல்ல நோக்கத்தோடு, நல்ல ஆய்வின்மேல் கட்டிய செயலிகூடக் களத்தில் சோதித்தால்தான் தெரியும்.

தமிழ்ச் செயலியின் பல்

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். 2002-இல் டென்மார்க் சட்டம் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மொழிகளைத் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கும் கடமை கொம்யூன்களுக்கு, அதாவது நகராட்சிகளுக்கு, இல்லாமல் போனது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளையின் தமிழ், வார இறுதிப் பாடசாலையையும் வீட்டையும் நம்பி நிற்கிறது. கிழமையில் இரண்டு மணி நேரம் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இடைவெளியில்தான் தமிழ்ச் செயலி நுழைகிறது. ஆகவே அதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எழுத்துக்குமேல் விரலை ஓட்டும் செயலிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புள்ளி புள்ளியாக ஒரு "அ". பிள்ளை விரலை வைத்து இழுக்கிறது. பல செயலிகளில், புள்ளிகள் எல்லாம் தொடப்பட்டனவா என்பது மட்டுமே கணக்கு. எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் சுழித்தது என்பது கணக்கில்லை. விரலால் கரி பூசுவதுபோல் தேய்த்தாலும் நட்சத்திரம் வரும், "சபாஷ்" என்று குரல் வரும். வகுப்பில் ஒரு பிள்ளை 247 எழுத்தையும் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னது. தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். "அ"வை வாலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரைந்தது. பிள்ளைமேல் பிழையில்லை. புள்ளிகளை இணைக்கத்தான் அது கற்றிருக்கிறது, எழுதக் கற்கவில்லை.

அடுத்து வரிசை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. இந்தக் கணக்கை அப்படியே திரையில் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பூட்டிய அறை என்று செய்திருக்கிறார்கள். ககர வரிசை முடிந்தால் ஙகர வரிசை. ஙா, ஙி, ஙீ என்று பிள்ளை விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அந்த எழுத்துகளை அது எந்தச் சொல்லிலும் சந்திக்கப் போவதில்லை. ஆனால் ப, ட, ம என்ற மூன்று எழுத்தும் மெய்யின் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று சொற்களை வாசித்துவிடலாம். முதல் நாளிலேயே ஒரு சொல்லை வாசித்த பிள்ளை மறுநாளும் வரும். நல்ல செயலி சொல்லுக்கு விரைந்து போகும். மோசமான செயலி நெடுங்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இருநூற்றுப் பதினாறையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய வைக்கிறதா, அல்லது சேர்க்கை முறையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். "ப"வின் அருகே காலை இழுத்து வைத்தால் "பா" என்று ஒலிக்க வேண்டும். அதே காலை "ம"வுக்கு வைத்தால் "மா". இது புரிந்த பிள்ளைக்கு மீதி எழுத்துகள் தானாக வரும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் முரண்டு பிடிக்கும். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அவற்றுக்குத்தான் தனிப் பயிற்சி வேண்டும். கொம்பும் அப்படி. "கொ"வில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. டெனிஷை இடமிருந்து வலமாக எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகிய பிள்ளை இங்கே தடுக்கி விழும். அந்தத் தடுக்கலை எதிர்பார்த்து, மெதுவாகப் பிரித்துக் காட்டும் செயலி, ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த செயலி.

பிறகு ஒலி. கல், பகல், தங்கம். மூன்றிலும் ஒரே "க", ஒலியோ மூன்று விதம். தமிழ் வீட்டில் முழுநாளும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். டெனிஷில் கனவு காணும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். இயந்திரக் குரலா, மனிதக் குரலா என்று கேளுங்கள். மனிதக் குரலானாலும் யாருடைய குரல்? "காற்று" என்பதைத் தமிழ்நாட்டுக் குரல் ஒரு விதமாகவும் யாழ்ப்பாணத்து அம்மம்மா வேறு விதமாகவும் சொல்வார்கள். இரண்டும் சரி. ஆனால் செயலி ஒன்றை மட்டும் சரி என்று சொல்லி, மற்றதற்குச் சிவப்புக் குறி போட்டால், பிள்ளை அம்மம்மாவைத் திருத்தத் தொடங்கிவிடும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள். வீட்டில் "வாறன்", புத்தகத்தில் "வருகிறேன்". செயலி "வருகிறேன்" மட்டுமே கற்பித்தால், பிள்ளை அப்பம்மாவிடம் போய் "நான் வருகிறேன்" என்று சொல்லும், வீடே சிரிக்கும், அதோடு அது தமிழில் வாய் திறக்காது. நல்ல செயலி இரண்டும் உண்டு என்பதைக் காட்டும்.

கடைசியாகப் படம். அ என்றால் அணில், முதுகில் மூன்று கோடு. ஹ்விடோவ்ரேப் பிள்ளை பூங்காவில் பார்க்கும் அணில் செம்பழுப்பு நிறம், காதில் குஞ்சம், முதுகில் கோடே இல்லை. ஃ என்றால் எஃகு என்று ஒரு சாம்பல் நிறக் கட்டை. எந்தப் பிள்ளைக்கு அது விளங்கும்? ஊர்ப் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊர் அணிலையும் இங்கத்தைய அணிலையும் பக்கத்தில் வைத்தால் அங்கே ஒரு உரையாடல் பிறக்கும். பெரும்பாலான செயலிகள் ஆங்கில அரிச்சுவடி ஒன்றின் சட்டகத்தில் தமிழ் எழுத்தைச் சொருகியவை. அவற்றில் அந்த யோசனைக்கே இடமில்லை.

எண்ணிக்கை ஒன்றைப் பற்றியும் எச்சரிக்கிறேன். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் கீழ், கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. பிள்ளை உரக்க வாசிக்கும், செயலி கேட்டுக்கொண்டிருந்து திருத்தும். கோடிக்கணக்கான சொற்கள் வாசிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. பெருந்தொற்றில் பள்ளி மூடிக் கிடந்த பிள்ளைகளை மீண்டும் வாசிக்க வைத்த நல்ல முயற்சி அது. ஆனால் வாசித்த சொற்களை எண்ணுவது எளிது. விளங்கிய கதைகளை எண்ணுவது கடினம். உங்கள் பிள்ளையின் செயலியும் "இன்று 50 சொல் கற்றாய்" என்று சொல்லும். அந்த ஐம்பதில் ஐந்தை இரவுச் சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள்.

இலவசத்தின் விலை

2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஜெனி ரடெஸ்கியின் குழு, சிறு பிள்ளைகள் விளையாடும் 135 செயலிகளை ஆராய்ந்தது. 95 விழுக்காட்டில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. சிலவற்றில் பிள்ளைக்குப் பிடித்த கதாபாத்திரமே வந்து, வாங்கச் சொல்லிக் கெஞ்சியது. அது விளம்பரம் என்று உணரும் வயது பிள்ளைக்கு இல்லை. பணம் கட்டினாலும் தொல்லை தீராது. ஏபிசிமவுஸ் செயலியை நடத்தும் நிறுவனம், சந்தாவை நிறுத்துவதைக் கடினமாக்கியது என்ற குற்றச்சாட்டில் 2020-இல் ஒரு கோடி டொலர் கட்டி வழக்கை முடித்தது.

விளம்பரம் கண்ணுக்குத் தெரிகிறது. தரவு தெரிவதில்லை. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளில் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 146-இல் பிள்ளைகளின் தரவு ஆபத்தில் இருந்தது. அவை எல்லாம் அரசுகளே பரிந்துரைத்தவை. இந்திய அரசின் திக்‌ஷாவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

"டென்மார்க்கில் அப்படியெல்லாம் நடக்காது" என்று நினைப்பவர்களுக்கு ஹெல்சிங்கோர் நகரை நினைவூட்டுகிறேன். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த குரோம்புக் கணினிகள் பற்றி ஒரே ஒரு தகப்பன் முறையிட்டார். 2022 ஜூலையில் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அந்த நகரப் பள்ளிகளில் கூகுள் சேவையைத் தடை செய்தது. சில வாரங்களில் அந்தத் தடை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் விவகாரம் முடியவில்லை. 2024 ஜனவரியில் 53 கொம்யூன்களுக்கு, பிள்ளைகளின் தரவு கையாளப்படும் விதத்தைச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்தும்படி உத்தரவு போனது. ஒரு தகப்பன் கேட்ட கேள்வி இத்தனை தூரம் போயிருக்கிறது. எங்களில் எத்தனை பேர், பள்ளி எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறது, பிள்ளையின் எந்தத் தரவு எங்கே போகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கிக் கேட்டிருக்கிறோம்?

நாடும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. 2023 டிசம்பரில் கல்வி அமைச்சர் மத்தியாஸ் டெஸ்ஃபாயே, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை எண்ணிமப் பரிசோதனைக்கு உட்படுத்தியதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2025 பெப்ரவரியில் பிள்ளைகளின் நலவாழ்வு பற்றிய ஆணைக்குழு, பதின்மூன்று வயதுக்கு முன் சொந்தக் கைபேசி வேண்டாம், பள்ளியில் கைபேசியே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பள்ளித் தடையை அரசும் ஏற்றுக்கொண்டது. அதே நாட்டில், பொது ஒலிபரப்பு நிறுவனமான டிஆர் நடத்தும் ராமஸாங், வரிப்பணத்தில், விளம்பரமே இல்லாமல் சிறு பிள்ளைகளுக்கு நல்ல ஆக்கங்களைத் தருகிறது. பள்ளித் தடையும் ராமஸாங்கும் ஒன்றுக்கொன்று முரணல்ல. யார் செய்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள், எதற்காக என்பதைப் பொறுத்தே தரம் அமைகிறது. தமிழிலும் தமிழ் இணையக் கல்விக்கழகம், இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ போன்ற பொதுப்பணத் தளங்கள் இருக்கின்றன. பளபளப்புக் குறைவு என்று அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்

இன்னொரு மனிதர் வேண்டும் என்ற நான்காவது தூணுக்கு வருவோம். 2003-இல் சியாட்டிலில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார். ஒரு குழுவோடு சீனப் பேச்சாளர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள். இன்னொரு குழு அதே ஆட்களைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பன்னிரண்டு அமர்வுகள். நேரில் பழகிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை.

பின்வரிசையில் இருக்கும் அம்மம்மாமார்களே, இது உங்களுக்கான செய்தி. நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2014-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் நேரடிக் காணொளி அழைப்பில் புதிய சொற்களை நேரில் போலவே கற்றன என்று காட்டியது. பதிவு செய்த காணொளியில் கற்கவில்லை. அழைப்பில் மறுமுனை பதில் சொல்கிறது, பிள்ளை சிரித்தால் சிரிக்கிறது. ஆக, யாழ்ப்பாணத்திலிருந்தோ இந்த நாட்டின் ஹேர்னிங்கிலிருந்தோ வாட்ஸ்அப்பில் கதை சொல்லும் அம்மம்மாவை எந்தச் செயலியும் வெல்ல முடியாது.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் 587 பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்தார்கள். இரவில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு சிறு கணிதக் கதையை வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் செயலி. கிழமைக்கு ஓரிரு தடவை பயன்படுத்திய குடும்பங்களிலும் பலன் தெரிந்தது. கணிதம் என்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். அந்தச் செயலியின் திறமை என்ன? பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பேச ஒரு காரணம் கொடுத்தது. எழுதத் தயங்கும் இரண்டாம் தலைமுறைத் தமிழ்ப் பெற்றோர்களே, உங்களுக்கும் அப்படி ஒரு செயலிதான் வேண்டும்.

வீட்டில் செய்யும் சோதனை

இனிச் செயல்முறை. பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் நீங்கள் தனியாக உட்காருங்கள்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி தட்டுங்கள். நட்சத்திரம் வருகிறதா? வந்தால், யோசிக்காமலே வெல்லலாம். இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் குருட்டுத்தனமாகத் தட்டினாலும் பாதி சரியாகும்.

அடுத்து வேண்டுமென்றே பிழையாகச் செய்யுங்கள். செயலி என்ன செய்கிறது? ஏன் பிழை என்று காட்டுகிறதா, அல்லது வேடிக்கையான ஒலி எழுப்பிவிட்டு நகர்கிறதா? சில செயலிகளில் பிழைக்கு வரும் ஒலி சரிக்கு வருவதைவிடச் சிரிப்பாக இருக்கும். பிள்ளைகள் அதற்காகவே பிழை விடுவார்கள்.

மூன்றாவது, விமானப் பயண நிலையில் போட்டுப் பாருங்கள். எழுத்துப் படிப்பிக்க இணையம் எதற்கு? ஓடவே மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று என்னென்ன அனுமதி கேட்கிறது என்றும் பாருங்கள்.

நான்காவது, வெளியே வரப் பாருங்கள். நல்ல பாடத்துக்கு முடிவு உண்டு. "இன்றைக்குப் போதும்" என்று விடுகிறதா, அல்லது அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறதா? பூனைக்குட்டி ஒன்று அழுது, போகாதே என்கிறதா? அழும் பூனைக்குட்டி இருந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுங்கள். உங்களுக்கும் பேச இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் மூடுங்கள். தாளும் பென்சிலும் எடுங்கள். அங்கே கற்ற எழுத்தை இங்கே எழுதச் சொல்லுங்கள். அங்கே கேட்ட சொல்லை வீட்டுப் பொருளில் காட்டச் சொல்லுங்கள். கதையைத் தன் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்து மீண்டும் கேளுங்கள். மூன்றாவது கிழமையும் தாளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால், அது பொழுதுபோக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். பொழுதுபோக்கும் தேவைதான், அதற்குக் கல்வி என்று பெயர் வைத்து மனத்தைத் தேற்றாமல் இருந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டென்மார்க் முழுவதும் தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாடசாலையும் தவணைக்கு ஒரே ஒரு தமிழ்ச் செயலியை எடுத்து, இந்தச் சோதனைகளைச் செய்து, அரைப் பக்கத்தில் எழுதி மற்றப் பாடசாலைகளுக்கு அனுப்பட்டும். எழுத்து வரிசை எப்படி, ஒலி எப்படி, விளம்பரம் உண்டா, தாளுக்கு என்ன வந்தது. இவ்வளவுதான். செயலி செய்தவருக்கும் அதை அனுப்புங்கள். தமிழ்ச் செயலி செய்பவர்கள் பலர் தனி ஆட்கள்; வேலை முடிந்து இரவில் ஆர்வத்தோடு செய்பவர்கள். ஐந்து நட்சத்திரம் அவர்களை மகிழ்விக்கும், ஆனால் திருத்தாது. "உங்கள் அ வாலிலிருந்து தொடங்கினாலும் ஏற்றுக்கொள்கிறது" என்று ஒருவர் எழுதினால் அடுத்த பதிப்பு திருந்தும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. இன்றிரவு பிள்ளையின் கருவியில் உள்ள செயலிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பாருங்கள். என்ன நடந்தது என்று அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மதிப்பீடு அங்கே தொடங்கிவிடும்.